தரவுத்தள நீட்சி படுத்தும் பாடு: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பதினொரு மணிக்கெல்லாம் ரசம் தாளிக்கும் வாசனை படியேறி வந்துவிடும். அதற்குள் பிழையைப் பிடிக்காவிட்டால் அன்றைய காலை போனதுதான். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடுக்காக நாங்கள் ஒரு நீட்சி (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதி வைத்திருக்கிறோம். பக்கப்பட்டையில் அட்டவணைகள் மரமாக விரியும். தரவுத்தளத்திடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லை எழுதி ஓட்டலாம். விடை கட்டங்களாக வந்து நிற்கும், அதிலேயே திருத்திச் சேமிக்கலாம். பின்னால் இருப்பது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு: புதியது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில், பழையது மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில்.

பினாங்கிலிருந்து வந்து சேர்ந்த தம்பி ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைக்கும்போது எழுதத் தொடங்கிய குறிப்புகள் இவை. முதல் வாரம் முழுக்க அவர் "அண்ணே, ஓடவில்லை" என்று வந்து நிற்பார். ஓடவில்லை என்று சொன்னது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். வம்புக்காகக் கேட்பதில்லை. இந்த நீட்சியில் ஒரு மதிப்பு ஐந்து கை மாறுகிறது. தரவுத்தள சர்வர் அதைத் தன்னோடு பேசத் தெரிந்த டிரைவர் நூலகத்திடம் கொடுக்கிறது. நூலகம் நம் நிரலிடம் கொடுக்கிறது. நம் நிரல் எடிட்டருக்குள் ஓடுவதில்லை, எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் என்ற தனி நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) செயலாக்கத்தில் ஓடுகிறது. அங்கிருந்து எடிட்டருக்கும், எடிட்டரிலிருந்து வெப்வியூ என்ற கட்டம் காட்டும் சன்னலுக்கும் போகிறது. எந்தக் கை நழுவவிட்டது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கட்டளையை அழுத்தினால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று வருகிறது

சொல்வது எடிட்டர். கட்டளையின் பெயர் பட்டியலில் தெரிகிறதென்றால், நீட்சியின் விவரங்களை எழுதிவைக்கும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பைப் படித்துவிட்டது என்று பொருள். ஆனால் அந்தப் பெயருக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

முதலில் பேக்கேஜ்.ஜேசனில் உள்ள அடையாளத்தையும் நிரலில் பதிவு செய்த அடையாளத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு ஒன்றே போதும். இரண்டும் சரியாக இருந்தால் பெரும்பாலும் நீட்சியை விழிக்கவைக்கும் ஆக்டிவேட் செயற்கூறு பாதியில் விழுந்திருக்கும், அல்லது தொடங்கியே இருக்காது. வெளியீட்டுப் பலகத்தில் எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் என்ற பதிவைத் திறந்தால் காரணம் அப்பட்டமாகக் கிடக்கும். "ஓடும் நீட்சிகளைக் காட்டு" என்ற கட்டளையும் நம் நீட்சி விழித்ததா, விழிக்கும்போதே தடுக்கி விழுந்ததா என்று சொல்லிவிடும்.

எங்களுக்கு நடந்தது இதுதான். கோப்பின் முதல் வரியிலேயே டிரைவர் நூலகத்தை இறக்குமதி செய்திருந்தோம். அது ஏறவில்லை என்றால் கோப்பு முழுவதுமே ஏறாது. பன்னிரண்டு கட்டளைகளும் ஒன்றாகக் காணாமல் போகும். பயனருக்கு அது நூலகப் பிழை என்று எப்படித் தெரியும்? இப்போது ஆக்டிவேட்டில் கட்டளைகளை முதலில் பதிவு செய்துவிடுகிறோம். இணைப்புக் கேட்கும்போதுதான் நூலகத்தை ஏற்றுகிறோம். நூலகம் விழுந்தால் இணைப்பு மட்டும் விழும், காரணத்தோடு விழும்.

விஎஸ் கோடின் பழைய பதிப்புகளுக்கும் ஆதரவு தருகிறீர்கள் என்றால் இன்னொன்று. 1.74 பதிப்புக்கு முன்னர், ஒவ்வொரு கட்டளைக்கும் விழிப்பு நிகழ்வை நாமே ஆக்டிவேஷன் ஈவென்ட்ஸ் பட்டியலில் எழுத வேண்டும். அதற்குப் பிறகு எடிட்டரே பார்த்துக்கொள்கிறது.

திருத்திய நிரல் திருத்தியதுபோல் நடக்கவில்லை, நிறுத்தற்புள்ளியும் (பிரேக்பாயின்ட்) வெறும் வட்டமாக நிற்கிறது என்றால், பின்னணியில் தொகுக்கும் வாட்ச் பணி செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். பழைய நிரலைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

என் கணினியில் ஓடுகிறது, நிறுவிக் கொடுத்தால் ஓடவில்லை

இந்தத் தொழிலில் இதைவிட வெட்கமான அறிகுறி கிடையாது. எடிட்டரில் சோதித்துப் பார்க்க எஃப்5 அழுத்தினால் எல்லாம் நடக்கும். நிறுவுவதற்கான விஎஸ்ஐஎக்ஸ் பொதியாகக் கட்டி அடுத்த மேசைக்குக் கொடுத்தால் "மாட்யூலைக் காணவில்லை".

விஎஸ்ஐஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் கோப்புதான். பெயரின் வாலை மாற்றித் திறந்து பாருங்கள். ஊகம் செய்வதைவிட இது விரைவு. நூலகம் உள்ளே இல்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. டிரைவரை உருவாக்கத்துக்கான சார்புகளில் போட்டிருப்பீர்கள், பொதி கட்டும் கருவி அவற்றை எடுத்துக்கொள்ளாது. அல்லது பொதியில் எது வேண்டாம் என்று சொல்லும் விஎஸ்கோட்இக்னோர் கோப்பு, நூலகங்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் அடைவை மொத்தமாக விலக்கியிருக்கும், நீங்களும் இஎஸ்பில்ட் போன்ற கருவியால் ஒரே கோப்பாகச் சேர்க்க மறந்திருப்பீர்கள். சேர்க்கும்போது "விஎஸ்கோட்" என்ற மாட்யூலை வெளியே விட வேண்டும், அது எடிட்டர் கொடுப்பது. போஸ்ட்கிரெஸ் நூலகம் தேடும் "பிஜி-நேட்டிவ்" என்ற விருப்பச் சார்பையும் வெளியே விடுங்கள். இல்லாத ஒன்றைத் தேடி இஎஸ்பில்ட் புலம்பும்.

நூலகம் உள்ளே இருந்தும் ஓடவில்லை, "நோட் மாட்யூல் வெர்ஷன்" பொருந்தவில்லை என்று இரண்டு எண்களோடு ஒரு செய்தி வருகிறது என்றால் கதை வேறு. ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட்டுக்கான சில நூலகங்கள் சி++ நிரலைத் தொகுத்துத் தருபவை. உங்கள் முனையத்தில் இருக்கும் நோட் வேறு, எடிட்டரைக் கட்டப் பயன்பட்ட எலக்ட்ரான் சட்டகத்தோடு வரும் நோட் வேறு. ஒன்றுக்காகத் தொகுத்ததை மற்றது ஏற்காது. மேக்கில் தொகுத்தது விண்டோஸில் திறக்காது என்பதைச் சொல்லவே வேண்டாம். வழி இரண்டு உண்டு. ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனிப் பொதி கட்டலாம், பொதி கட்டும் கருவியிலேயே இலக்கைக் குறிப்பிடும் வசதி இருக்கிறது. அல்லது எந்த இயங்குதளத்திலும் ஓடும் வெப்அசெம்பிளியாக வரும் எஸ்கியூஎல்.ஜேஎஸ் நூலகத்துக்கு மாறலாம்.

நாங்கள் மாறினோம். மாறியதும் இரண்டு அடி வாங்கினோம். அந்த வெப்அசெம்பிளி நிரல் இருக்கும் வாஸ்ம் கோப்பை இஎஸ்பில்ட் தானாக எடுத்துப் போகாது, நாமே நகலெடுத்து வைக்க வேண்டும். அடுத்தது இன்னும் மோசம்: அந்த நூலகம் தரவுத்தளம் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றி அங்கேயே வேலை செய்கிறது. ஏற்றுமதி செய்து நாமே வட்டில் எழுதாவிட்டால் சேமித்ததெல்லாம் சன்னலை மூடியவுடன் காற்றில் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது.

லினக்ஸில் மட்டும் ஓடவில்லையா? கோப்புப் பெயரின் பெரிய, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸும் மேக்கும் வழக்கமாக அதைக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் விடாது.

சர்வரோடு இணையவில்லை

இணைப்பு எப்படித் தோற்றது என்பதிலேயே விடை இருக்கிறது. "மறுக்கப்பட்டது" என்றால் கணினி வரை போய்விட்டீர்கள், அந்தக் கதவில் ஆள் இல்லை. சர்வர் ஓடவில்லை, அல்லது கதவு எண்ணில் (போர்ட்) தவறு: போஸ்ட்கிரெஸுக்கு வழக்கமாக 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306. வெகுநேரம் சும்மா இருந்து "காலம் கடந்தது" என்றால் நடுவில் ஒரு ஃபயர்வால் உங்கள் கோரிக்கையை விழுங்கிவிட்டது. மேகத்தில் இருக்கும் தரவுத்தளத்துக்கு வீட்டிலிருந்து இணைபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். வீட்டு இணைப்பின் ஐபி முகவரி நேற்று இருந்ததாக இன்று இருக்காது, அனுமதிப் பட்டியலில் நேற்றைய முகவரிதான் இருக்கும். "கடவுச்சொல் தவறு" என்று வந்தால் மகிழ்ச்சியடையுங்கள், சர்வரே உங்களோடு பேசிவிட்டது.

கடவுச்சொல் சரியாக இருந்தும் தவறு என்கிறதா? இணைப்பை ஒரே முகவரிச் சரமாகக் கட்டுகிறீர்களா என்று பாருங்கள். கடவுச்சொல்லில் @ அல்லது # இருந்தால் முகவரி அந்த இடத்தில் முறிந்துவிடும். அந்தக் குறிகளை முகவரிக்கு ஏற்றபடி குறியேற்றம் செய்து சேர்த்துவிடுங்கள், அல்லது பெயர், கடவுச்சொல், கதவு எண் என்று தனித்தனிப் புலங்களாகக் கொடுங்கள். மைஎஸ்கியூஎல் 8 வழக்கமாகப் பயன்படுத்தும் சான்றுமுறையைப் அதே பெயரில் நோட்டுக்கு இருக்கும் பழைய "மைஎஸ்கியூஎல்" நூலகம் அறியாது. "மைஎஸ்கியூஎல்2" நூலகத்துக்கு மாறுவதே தீர்வு. சர்வரின் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் யோசனைகளை ஏற்க வேண்டாம்.

வெற்றுப் பிழைச் செய்தி வந்தால் திகைக்காதீர்கள். ஓடும் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு ஐபிவி4, ஐபிவி6 என்று இரண்டு முகவரிகள் உண்டு. நோட் 17 முதல், ஐபிவி4 முகவரிக்கு முன்னுரிமை தரும் பழக்கம் நின்றது. நோட் 20 முதல் இரண்டையும் முயன்று பார்க்கிறது. இரண்டும் தோற்றால் இரண்டு பிழைகளையும் ஒரு மூட்டையாகக் கட்டித் தருகிறது, மூட்டையின் மேல் எதுவும் எழுதியிருப்பதில்லை. செய்தியை மட்டும் காட்டும் நீட்சி அங்கே வெற்றுப் பெட்டியைத்தான் காட்டும். பிழைக் குறியீட்டையும் உள்ளே இருக்கும் பிழைகளையும் சேர்த்துக் காட்டுங்கள்.

ரிமோட் எஸ்எஸ்எச், டபிள்யூஎஸ்எல், கன்டெய்னர் போன்ற தொலைச் சூழல்களில் வேலை செய்பவர் "லோக்கல்ஹோஸ்ட் இணையவில்லை" என்றால், எந்த லோக்கல்ஹோஸ்ட் என்று கேளுங்கள். நம்முடையதைப் போன்ற நீட்சி அப்போது வழக்கமாகத் தொலைக் கணினியில்தான் ஓடுகிறது. பயனரின் மடிக்கணினியில் இருக்கும் தரவுத்தளத்தை அது எப்படிப் பார்க்கும்? பேக்கேஜ்.ஜேசனில் எக்ஸ்டென்ஷன்கைண்ட் என்ற புலம் நீட்சி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பிறந்த தேதி ஒரு நாள் குறைவாகக் காட்டுகிறது

இதைப் பற்றி நான் நிறையப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்க உறுப்பினர் ஒருவரின் பிறந்த தேதி தரவுத்தளத்தில் 14-5-1978. எங்கள் கட்டத்தில் 13. சர்வரின் சொந்த முனையத்தில் கேட்டால் 14 என்கிறது. சாமி சரியாகத்தான் வரம் கொடுத்தது, பூசாரிதான் கை வைத்துவிட்டார். எந்தப் பூசாரி?

போஸ்ட்கிரெஸில் தேதி என்பது வெறும் தேதி. அதற்கு மணியும் இல்லை, நேரமண்டலமும் இல்லை. நோட் நூலகம் அதை ஜாவாஸ்கிரிப்டின் டேட் பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருளுக்கு மணி இல்லாமல் இருக்கத் தெரியாது. ஆகவே உள்ளூர் நள்ளிரவு என்று வைத்துக்கொள்கிறது. பிறகு நாம் அதை வெப்வியூவுக்கு அனுப்புகிறோம். அனுப்பும் வழியில் அது ஜேசன் (தரவை எழுத்தாக எழுதும் வடிவம்) சரமாகிறது, சரமாகும்போது உலக நேரத்துக்கு மாறுகிறது. கோலாலம்பூரின் நள்ளிரவு உலக நேரத்தில் முந்தைய நாள் மாலை நான்கு மணி. வெப்வியூ சரத்தின் முதல் பத்து எழுத்துகளை வெட்டிக் காட்டும்போது ஒரு நாள் தொலைந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்த பிறகும் ஒன்று உறுத்தியது. அந்தச் சரத்தில் இளையவர்களுக்கு எல்லாம் 16:00 என்று இருந்தது, இந்த 1978ஆம் ஆண்டுக்காரருக்கு மட்டும் 16:30. நூலகத்தில் பிழையோ என்று தோண்டத் தொடங்கினேன். தம்பிதான் வயதுவாரியாக வரிகளை அடுக்கிக் காட்டினார். 1982க்கு முன் பிறந்த எல்லோருக்கும் அரை மணி நேரம் தள்ளியிருந்தது. விடை நூலகத்தில் இல்லை, நாட்டின் வரலாற்றில் இருந்தது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1981 இறுதி வரை உலக நேரத்துக்கு ஏழரை மணி நேரமே முன்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்க, அந்த ஆண்டின் கடைசி இரவில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். நேரமண்டலத் தரவில் அது பத்திரமாகப் பதிந்திருக்கிறது. கீழே காப்பி குடிக்கும்போது கல்லாவில் இருந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். அந்த ஆண்டு புத்தாண்டு அரை மணி முன்னதாகவே பிறந்துவிட்டது என்று அவர் சிரித்தார்.

காட்டுவதில் மட்டும் பிழை என்றால் சகித்துக்கொள்ளலாம். எங்கள் கட்டம் ஒரு புலத்தைத் திருத்தினாலும் வரி முழுவதையும் திருப்பி எழுதிக்கொண்டிருந்தது. தொலைபேசி எண்ணை மாற்றிச் சேமித்தால் பிறந்த தேதி தரவுத்தளத்திலேயே ஒரு நாள் பின்னால் போனது. மறுபடி திறந்து சேமித்தால் இன்னொரு நாள். எட்டு மணி நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேதி தேதியாகவே இருக்கட்டும். போஸ்ட்கிரெஸ் நூலகத்தில் தேதியைக் குறிக்கும் 1082 என்ற வகை எண்ணுக்கு, வந்த சரத்தை அப்படியே திருப்பித் தரும் மாற்றியை வையுங்கள். மைஎஸ்கியூஎல்2இல் "டேட்ஸ்ட்ரிங்ஸ்" என்ற அமைப்பை இயக்குங்கள். திருத்திய புலத்தை மட்டுமே திருப்பி எழுதுங்கள்.

எண்கள் விசித்திரமாக நடக்கின்றன

ஜாவாஸ்கிரிப்ட் எண்ணால் 9007199254740991 வரைதான் முழு எண்களைத் தப்பின்றிப் பிடிக்க முடியும். அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் தாமாக மாறும். அதற்குப் பயந்தே போஸ்ட்கிரெஸ் நூலகம் பெரிய முழு எண்களைச் சரமாகத் தருகிறது. வரிகளை எண்ணும் கவுன்ட் விடையும் அந்த வகைதான். அதோடு ஒன்றைக் கூட்டினால் 5 என்பது 6 ஆகாமல் 51 ஆகும். பிக்இன்ட் பொருளாக மாற்றினால் வெப்வியூவுக்கு அனுப்பும்போது ஜேசன் கை விரித்துவிடும். காட்டுவதற்குச் சரமே போதும்.

மலேசிய அடையாள அட்டை எண் இதற்கு நேர்மாறான நோய். பன்னிரண்டு இலக்கம், முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2003இல் பிறந்தவருக்கு 03 என்று தொடங்கும். எண்போல் தெரிவதையெல்லாம் எண்ணாக்கும் "உதவி" உங்கள் சிஎஸ்வி இறக்குமதியில் இருந்தால், 2000த்துக்குப் பின் பத்தாண்டுகளில் பிறந்த அத்தனை பேரின் முன்பூச்சியமும் போய்விடும். நெடுவரிசையின் வகையைத் தரவுத்தளத்திடம் கேளுங்கள், தோற்றத்தை நம்பாதீர்கள்.

தமிழ்ப் பெயர்கள் சிதைந்து வருகின்றன

வெறும் கேள்விக்குறிகள் வந்தால் துக்கம் விசாரிக்க வேண்டியதுதான். தமிழ் தெரியாத லத்தீன் குறியேற்ற நெடுவரிசையில் சேமித்தபோதே எழுத்து அழிந்துவிட்டது. மேல்குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளும், நடுநடுவே வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகச் சின்னக் குறியும் வந்தால் நல்ல செய்தி: பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, யாரோ தவறாக வாசிக்கிறார்கள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் ("மி" என்பது ம, இகரக் குறி என்று இரண்டு குறியீடு) யூடிஎஃப்-8இல் மூன்று பைட். அகரம் முதல் ஹகரம் வரை எல்லாவற்றுக்கும் நடு பைட் ஒன்றுதான், அதைத் தனியாக வாசித்தால் அந்த வணிகச் சின்னம் வரும். இணைப்பின் குறியேற்றத்தை யூடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள். மைஎஸ்கியூஎல்லின் பழைய மூன்று பைட் யூடிஎஃப்8இலும் தமிழ் அடங்கும். யாராவது பெயருக்குப் பின்னால் ஒரு சிரிப்பு முகம் போடும் நாளில்தான் அது உடையும்.

நீளமான பெயரைக் கட்டத்துக்குள் அடக்க வெட்டும்போது சிவகாமி "சிவகாம" ஆகிறாளா? எழுத்துகளை எண்ணாமல் குறியீட்டு அலகுகளை எண்ணி வெட்டுகிறீர்கள். இன்ட்ல்.செக்மென்டர் கொண்டு எழுத்தெழுத்தாக வெட்டுங்கள்.

சிலருடைய பெயரில் மட்டும் விழுகிறது

இது நம் ஊர் நோய். "டத்தோ'" பட்டத்தை மலாயில் ஒற்றை மேற்கோளோடு எழுதுகிறார்கள். எஸ்கியூஎல் சரத்தைக் கூட்டல் குறி போட்டு ஒட்டியிருந்தால், பட்டம் பெற்றவரைத் தேடும் நாளில் தொடரியல் பிழை வரும். மேற்கோளை இரட்டிப்பாக்கும் வேலையெல்லாம் வேண்டாம். பெயரை எஸ்கியூஎல்லோடு ஒட்டாமல் தனி அளவுருவாகக் கொடுங்கள். டத்தோவே நுழையும் கதவில் திருடனும் நுழைவான்.

அடுத்தது பெயருக்கு நடுவில் மகன், மகள் என்று குறிக்கும் "ஏ/எல்", "ஏ/பி". ஒரு வரியைத் தனி ஆவணமாகத் திறக்கும்போது அதன் முகவரியில் பெயரை வைத்திருந்தோம். முனியாண்டி ஏ/எல் கருப்பையா என்பவரைத் திறந்தால் தாவலில் "எல் கருப்பையா" என்று மட்டும் தெரிந்தது. சாய்கோட்டை அடைவுப் பிரிப்பாக எடுத்துக்கொண்டுவிட்டது. முகவரியில் முதன்மைச் சாவியை மட்டும் வையுங்கள்.

கட்டம் வெறுமையாக இருக்கிறது, அல்லது எடிட்டரே உறைகிறது

வெறுமை என்றால் உருவாக்குநர் கருவிகளைத் திறந்து பாருங்கள். வெப்வியூவில் ஸ்கிரிப்ட் இயக்கத்தை அனுமதித்தீர்களா, கோப்பு முகவரியை ஆஸ்வெப்வியூயூரி வழியாக மாற்றினீர்களா, உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறதா: மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். உறைந்தால், லட்சம் வரிகளை ஒரே மூச்சில் இழுத்திருப்பீர்கள். எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் பொதுக் கூடம், நாம் அடைத்துக்கொண்டால் மற்ற நீட்சிகளும் மூச்சுத் திணறும். விடையைப் பகுதி பகுதியாகத் தரும் கர்சர் வைத்து ஐந்நூறு ஐந்நூறாக எடுங்கள். மரத்தில் "தரவு வழங்குநர் இல்லை" என்று வந்தால் காட்சியின் அடையாளம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

"இணைப்புகள் அளவுக்கு மேல்" என்று சர்வர் கத்துகிறது

போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளையும் மைஎஸ்கியூஎல் 151 இணைப்புகளையும் ஏற்கும். இணைப்புகளைத் திறந்த நிரல் அவற்றை மூடுகிறதா? நீட்சியை மூடும்போது ஓடும் டீஆக்டிவேட் செயற்கூறு ஒரு பிராமிஸை (வேலை முடிந்ததும் சொல்லும் பொருள்) திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் எடிட்டர் காத்திருக்காது. இணைக்கும்போது பயன்பாட்டின் பெயரையும் கொடுத்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் தன் இணைப்புகளைப் பட்டியலிடும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் யார் வீட்டுப் பிள்ளை வாசலில் நிற்கிறது என்று உடனே தெரியும்.

அங்கே "பரிவர்த்தனைக்குள் சும்மா" என்ற நிலையில் வரிகள் தெரிந்தால் வேறு தவறு. பல இணைப்புகளைத் திறந்துவைத்துப் பகிரும் இணைப்புக் குளத்திடம் ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியாகக் கொடுத்திருப்பீர்கள். பரிவர்த்தனையைத் தொடங்கும் பிகின் ஓர் இணைப்பில் போகும், முடிக்கும் கமிட் இன்னொன்றில் போகும். பூட்டு முதல் இணைப்போடு தங்கிவிடும். திறந்திருக்கும் ஒவ்வொரு எஸ்கியூஎல் ஆவணத்துக்கும் ஓர் இணைப்பை ஒதுக்கிவிடுங்கள்.

நிறுத்து பொத்தானை அழுத்திய பிறகும் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கிறதா? எடிட்டரின் ரத்து அடையாளம் நம் நிரலுக்கு மட்டுமே தெரியும். இன்னோர் இணைப்பைத் திறந்து பிஜி_கேன்சல்_பேக்எண்ட் கட்டளையை நாமே அனுப்ப வேண்டும்.

சிவப்பு அடிக்கோடு தவறான சொல்லின் கீழ் விழுகிறது

போஸ்ட்கிரெஸ் பிழையின் இடத்தை ஒன்றிலிருந்து எண்ணுகிறது, எடிட்டர் பூச்சியத்திலிருந்து. தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் ஓட்டினால் அதன் தொடக்கத்தையும் கூட்ட வேண்டும்.

கடவுச்சொல் வேறு கணினியில் தெரிகிறது

கடவுச்சொல்லை எடிட்டரின் அமைப்புகளில் எழுதியிருக்கிறீர்கள். ஒத்திசைவு அதையும் பயனரின் மற்ற கணினிகளுக்குத் தூக்கிக்கொண்டு போகும். நீட்சிச் சூழலின் சீக்ரெட்ஸ் சேமிப்புக்கு மாற்றுங்கள், அது ஒத்திசைவில் சேராது. ஏற்கெனவே போனவற்றுக்குக் கடவுச்சொல்லையே மாற்றுவதைத் தவிர வழியில்லை. நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பதினேழு கடவுச்சொற்களை மாற்றினோம், கீழே கடை சாத்தும் வரை.